எண்பத்தோராவது பிரைமர்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் லைலின் வீட்டு நிலவறையில் நான்கு பேர் இருந்தோம். லைல், தோட்டா அழுத்தும் கருவிக்கு நேராக முக்காலியில். அவனுக்கு இடப்பக்கம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நான். அவன் மனைவி, அதாவது என் தங்கை வெல்மா, கடைசிப் படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பண்ணை டோர்வால்ட் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் காப்பியோடு ஏறி உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை வெல்மா எல்க் மான் வேட்டைக்குப் போகிறாள். ஒன்பது வருஷம் விண்ணப்பித்து, இந்த வருஷம்தான் மொன்டானா மாநில வேட்டை அனுமதிக் குலுக்கலில் அவளுக்குச் சீட்டு விழுந்தது. அவளுக்காக நாற்பது தோட்டா வீட்டிலேயே தயாராகிக்கொண்டிருந்தது. இருபது முடிந்திருந்தது.

பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் பதிக்கும், அடிபட்டால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பிரைமர் பெட்டிதான் திறந்திருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் விதி. லைல் இரண்டைத் திறந்து வைத்திருந்தான். ஒன்று ரைஃபிளுக்கானது, மற்றது கைத்துப்பாக்கிக்கானது. இரண்டும் துவரம்பருப்பு அளவுப் பித்தளைக் கிண்ணங்கள்தான். அகலம் ஒன்றே. ரைஃபிளுடையது மயிரிழை உயரம் கூடுதல், தகடும் தடிப்பு. கைத்துப்பாக்கிப் பிரைமரை ரைஃபிள் தோட்டாவில் பதித்தால் தகடு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவர் கண்ணுக்கே திரும்பி வரலாம்.

நான் மருந்து நிறுக்கும் தராசை எட்டி எடுத்தபோது முழங்கை இடித்து இரண்டு பெட்டியும் சிமெண்டுத் தரையில் கொட்டின.

வெல்மா வேக்குவம் கிளீனரை எடுக்க எழுந்தாள்.

"அதைத் தொடாத," என்றான் லைல். "உள்ள போனா வெடிக்கும். கையாலதான் பொறுக்கணும்."

"யாரு கொட்டுனது?"

"உன் அண்ணன்தான். முழங்கையா அது, மண்வெட்டி."

"நான் இல்ல மாப்ள. விளிம்புல வச்சிருந்த, அதுவா விழுந்துச்சு," என்றேன். அது பொய்.

மூவரும் முட்டி போட்டுப் பொறுக்கினோம். டோர்வால்ட் கால்களை மேலே மடக்கிக்கொண்டு, "நான் இங்கயே இருக்கேன். எனக்கு ரெண்டு காலும் வேணும்," என்றான்.

கலந்துபோனவற்றை எண்ணெயில் ஊறப்போட்டு ஒழிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். லைல் விளக்கைத் தாழ்த்தி, கண்ணால் பார்த்தே இரண்டாகப் பிரித்தான்.

"ரைஃபிள் பிரைமர் கடைக்கு வர அடுத்த மாசம் ஆகும். இதை எண்ணெயில கொட்டிட்டு இவ அங்க போய்க் கல்லு விட்டு எறிவாளா?"

நான் ரைஃபிள் பெட்டியை வாங்கி எண்ணினேன். நூறு இருந்த புதுப்பெட்டி. இருபது செலவு. மீதி எண்பது இருக்க வேண்டும். எண்பத்தொன்று இருந்தது. திரும்ப எண்ணினேன். எண்பத்தொன்றுதான். கைத்துப்பாக்கிப் பிரைமர் ஒன்று உள்ளே வந்திருக்க வேண்டும்.

"கம்பெனிக்காரன் கொசுறு போட்டிருப்பான்," என்றான் லைல்.

"கேலிப்பர் வச்சு ஒவ்வொண்ணா உயரம் அளந்து பாரு."

"என் வீட்ல என் கண்ணுதான் கேலிப்பர். கணக்கு வாத்தியார் கிளம்பலாம்."

பெட்டியை நான் விடவில்லை. அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி வாங்கிக்கொண்டான். "அண்ணே, கிளம்பு நீ," என்றாள் வெல்மா, என் முகத்தைப் பார்க்காமல். மீதி இருபதையும் அவன் அந்தப் பெட்டியிலிருந்தே பதித்து, பழைய இருபதோடு ஒரே டப்பாவில் போட்டான் என்று டோர்வால்ட் பிறகு சொன்னான். இனி எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை போன் செய்தேன். வெல்மாதான் எடுத்தாள்.

"முதல்ல கொட்டுனது யாருன்னு சொல்லு. கொட்டுனதையே ஒத்துக்காதவன் எண்ணுனதை நான் எப்படி நம்புறது?"

"எண்பத்தொண்ணு இருந்துச்சு, அதை மட்டும் கேளு," என்றேன். பின்னால் லைல் சிரிப்பது கேட்டது. பிறகு அவனே போனை வாங்கி, "மச்சான், இனிமே இங்க கூப்பிடாதீங்க. வந்தீங்கன்னா நாயை அவுத்து விடுவேன்," என்று வைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறைக்கே போனேன். என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.

புதன்கிழமை கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு விஷயம். முழங்கை விஷயத்தை நான்காவதாக வைத்திருந்தேன். அவள் அதுவரை படிக்க மாட்டாள் என்று தோன்றியது. கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன்.

"வெல்மா,

1. கொட்டியது நான். என் வலது முழங்கை பட்டுத்தான். விளிம்பில் வைத்தான் என்று லைல் மேல் பழி போட்டுச் சொன்னது பொய்.

2. ரைஃபிள் பெட்டியில் எண்பது இருக்க வேண்டும். எண்பத்தொன்று இருந்தது. இரண்டு முறை எண்ணினேன்.

3. அந்த நாற்பதில் ஒன்றைக்கூடச் சுடாதே. கடையில் வாங்கிய ஒரு பெட்டி தோட்டா என் வீட்டு வராந்தாவில் இருக்கிறது. எடுக்க வரும்போது நீ என்னோடு பேச வேண்டியதில்லை.

4. இதை லைலிடம் காட்டினாலும் சரி."

வீட்டுக்கு வரும் தபாலை லைல்தான் எடுப்பான். அதனால் பள்ளிக்கூட விலாசம் எழுதி, ஒட்டி, தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போயிடும்," என்றார் அங்கிருந்தவர். "அந்தப் பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு?"

"தெரியும்," என்றேன். அவர் முத்திரை குத்திக் கடிதத்தைப் பைக்குள் போட்டார்.