பக்கத்து வீட்டுப் பிள்ளை

...தொடங்கிவிட்டாள், நான் தேநீர் ஊற்றும் நேரம் பார்த்துத்தானா தொடங்க வேண்டும், பின்னால் அடுப்படிக் குசினிக்குள்ளிருந்து அந்த முனகல், ஏறாது, இறங்காது, என் இளையவள் அசனா, ஏழு வயதாகியும் உம்மா என்று ஒருநாளும் கூப்பிடாதவள், சட்டி மூடியைச் சுழற்றிவிட்டால் உலகத்தையே மறப்பவள், இப்போது என் பழைய சேலையால் குசினித் தூணில் கட்டுண்டு கிடக்கிறாள்... கட்டியது நான்தான், வீட்டுக்கு யார் வந்தாலும் கட்டுவதுதான், மூத்தவள் றுக்கியாவுக்கு வந்த இரண்டு சம்பந்தம் இவளால்தானே முறிந்தது, இது இரத்தத்தில் ஓடுமோ என்று கேட்டுவிட்டல்லவா போனார்கள், அதனால் இப்போது பெண் பார்க்க வந்திருக்கும் இந்த மூதூர் ஆட்களிடம் ஒரே மகள் என்று சொல்லியாயிற்று, எங்கள் கிண்ணியாக் கதை அவ்வளவு தூரம் போகாது என்று ஒரு நம்பிக்கை, நம்பிக்கையா, மடமையா? கூப்பனுக்குக் கிடைத்த சீனி முழுவதையும் தேநீரில் கொட்டினேன், இனிப்புக்குக் காது அடைக்குமா என்ன.

மாப்பிள்ளையின் உம்மா தலையைத் திருப்பினாள்.

“அது என்ன சத்தம், தங்கச்சி?”

என் கணவர் முத்தலிப் நிலத்தைப் பார்த்தார், அவருக்கென்ன, பொய் சொல்லத்தான் நான் ஒருத்தி இருக்கிறேனே.

“பக்கத்து ஊட்டுப் புள்ள. அதுக்கு ஒண்டும் விளங்காது.”

நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை, அதுதான் எனக்கே பயமாக இருந்தது. பெத்தவள் பாவம் என்றாள் அவள், பாவம்தான் என்றேன். பெண்ணைப் பிடித்துவிட்டதாம், பெருநாள் முடிந்த கையோடு நிக்காஹ், வீடும் பிடித்ததாம்... வீடு... அப்போதுதான் உறைத்தது, எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கல்லவா குடிவருவார், இந்த வீட்டைத்தானே றுக்கியாவுக்குச் சீதனமாக எழுதப்போகிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளையை அப்போது எந்த வீட்டில் வைப்பேன்?

அவர்கள் படி இறங்கியதும் ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தேன், கணுக்கால் சிவந்திருந்தது, சனியனே, கொஞ்ச நேரம் வாயை மூடியிருக்கக் கூடாதா என்று முதுகில் ஒன்று வைத்தேன், அழவில்லை, எதற்குத்தான் அழுதாள், வலியும் விளங்காதாக்கும்... அதற்குள் வாசலில் மறுபடி பேச்சுக்குரல், மாப்பிள்ளையின் உம்மா குடையை மறந்துவிட்டாளாம். நான் அசையுமுன் அசனா தானே போய்த் தூணடியில் குந்தினாள், காலை நீட்டினாள், சேலையை எடுத்து என் கையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் ஒருநாளும் பார்ப்பதில்லை. ஒண்டும் விளங்காது என்று சொன்னேனே, ஊருக்கெல்லாம் சொன்னேனே, அப்படியானால் எவ்வளவு காலமாக இவளுக்கு... முன்னறையில் குடையைத் தேடுகிறார்கள். நான் கட்டினேன்.