வயிற்றில் கட்டிய கிரேன்

"வயித்துல பெட்டியக் கட்டிக்கிட்டா கிரேன் ஓட்ட வந்துடுமாம்மா?" என்று சித்தப்பா கேட்டார். அவள் ரிமோட் பெட்டியின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மரம் வெட்டுவது அவளும் தம்பியும் சேர்ந்து நடத்தும் தொழில். தம்பி ஏறி அறுப்பான். அறுத்த துண்டைச் சித்தப்பா தன் பெரிய கிரேனால் தூக்கி இறக்குவார். எவ்வளவு உயரமானாலும் எட்டும் வண்டிதான். ஆனால் அவர் உட்காரும் கேபின் தெருவில் இருக்கும். மரம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும். அவள் நடுவில் நின்று கூவுவாள், அவர் குத்துமதிப்பாக இழுப்பார். போன மழைக்காலத்தில் ஒரு கிளை தம்பியின் தோளைப் பதம்பார்த்துவிட்டது.

"என்னைக் கண்ணால பாக்கிற ஆளுதான் இனிமே என் தலைக்கு மேல தூக்கணும். இல்லேன்னா ஏற மாட்டேன்" என்று தம்பி ஒரே பிடியாக நின்றான்.

அதனால்தான் லாரியின் முதுகில் மடிந்து கிடக்கும் இந்தச் சின்ன கிரேனை ஒருநாள் சோதித்துப் பார்க்கக் கேட்டு வாங்கியிருந்தாள். எட்டும் தூரம் குறைவு. ஆனால் ரிமோட்டோடு மரம் தெரியும் இடத்திலேயே நிற்கலாம். சரிப்படாவிட்டால் உதவட்டும் என்று சித்தப்பா தன் வண்டியையும் தெருவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

தம்பி உச்சித் துண்டைப் நைலான் பட்டையால் கட்டிக் கிரேனின் கொக்கியில் மாட்டி அறுத்தான். அவள் லேசாகத் தூக்கி, ரிமோட்டின் குச்சியை இடப்பக்கம் தள்ளினாள். துண்டு வலப்பக்கம் திரும்பி நேரே அவன் தலையை நோக்கி வந்தது. சட்டென்று விரலை எடுத்தாள். கிரேன் நின்றது, துண்டு அந்தரத்தில் ஆடியது.

"மரத்தத் தூக்குக்கா, என்னையில்ல!" என்று தம்பி மேலிருந்து குனிந்தபடி கத்தினான்.

"நம்ம வண்டியக் கொண்டாரவா?" என்றார் சித்தப்பா.

அவள் கிரேனையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கே பிசகியது? கிரேனுக்கு எதிரே நின்றிருந்தாள். அவளுடைய இடப்பக்கம் கிரேனுக்கு வலப்பக்கம். கேபினோடு சேர்ந்தே திரும்பும் சித்தப்பாவுக்கு இந்தக் குழப்பம் வராது.

"ஒரு நிமிஷம் சித்தப்பா."

சுமை வராத ஓரமாக நடந்துபோய், கிரேனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இந்தமுறை வலப்பக்கம் தள்ளினாள். துண்டு அவளுடைய வலப்பக்கமே, தம்பியை விட்டு விலகிப் போய், சத்தமில்லாமல் புல்லில் படுத்தது.

"அடுத்தது அறுக்கவா, இல்ல டீ மேலயே வருமா?" என்று தம்பி கேட்டான்.

"டீயும் தூக்கி அனுப்புறேன், அறுடா!"

நாலைந்து துண்டுகள் இறங்கின. எல்லாவற்றுக்கும் ஒரு குத்தல் கைவசம் வைத்திருக்கும் சித்தப்பா அவள் பின்னால் வந்தார். தோளிலிருந்து நழுவிக்கொண்டிருந்த வாரை இழுத்து இறுக்கிவிட்டார். பிறகு தெருவுக்குப் போய், தன் பெரிய கிரேனைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.