கன்னச் சிவப்பு

என் மகன் வில்பெருக்கு நியேவெஸைக் கட்டிவைத்ததே அவள் கன்னத்துக்காகத்தான். ஹுலியாகா சந்தையில் பார்த்தேன். இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. நல்ல ரத்தம், நாலு பேர் வேலையை ஒருத்தியே செய்வாள் என்று நினைத்தேன். வந்தவளோ உருளைக்கிழங்கு மூட்டையோடு மேட்டில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

"மகாராணிக்குப் பல்லக்கு கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"இதோ வந்துட்டேன் அத்தை."

ஆறாம் மாதக் கர்ப்பத்தில் படுத்தாலே இருமல். சுவரில் சாய்ந்தபடிதான் தூங்கினாள். எச்சிலில் ரத்தம் கண்டபிறகு, ஊர் வாய்க்குப் பயந்து சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். வில்பெர் தங்கச் சுரங்கத்தில் இருந்தான்.

டாக்டரம்மா கடற்கரைப் பக்கத்துக்காரி, எங்கள் மலைப்பக்கத்துக் கெச்சுவா மொழி தெரியாது. நியேவெஸுக்கு ஸ்பானிஷ் தெரியாது. நடுவில் நான்தான் பேசினேன். டாக்டர் நெடுநேரம் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். பிறகு கன்னத்தை உற்றுப் பார்த்தாள்.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்து மூட்டு வீங்குச்சான்னு கேளுங்க."

ஒன்பது வயதில் ஒரு மாதம் நடக்கவே முடியவில்லையாம். பெண் பார்க்கப் போனபோது ஒருத்தரும் இதைச் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தக் காய்ச்சல்தான் இதய வால்வைச் சுருக்கிடுச்சும்மா. ரத்தம் போக வழியில்லாம நுரையீரல்ல தேங்குது. கன்னச் சிவப்பும் அதனாலதான். இன்னைக்கே அரெகிப்பா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறேன். தொடை வழியா பலூன் விட்டு வால்வை விரிச்சா பிழைச்சுக்குவா. மூட்டை தூக்கவே கூடாது. சம்மதமான்னு கேளுங்க."

வயல் முழுக்கக் கிழங்கு கிடந்தது, உறைபனி நெருங்கிவிட்டது. நாலு நாளில் அறுவடை முடித்து அனுப்பலாம் என்று நினைத்தேன்.

"மாத்திரை போதுமாம். இங்கேயே படுத்துக்கிறியா, வீட்டுக்கு வர்றியா?" என்று கெச்சுவாவில் கேட்டேன்.

"வீட்டுக்கே போயிடலாம் அத்தை."

"போகமாட்டேங்கிறா," என்றேன் டாக்டரிடம். அவள் எவ்வளவோ மன்றாடினாள். கடைசியில் ஒரு தாளை நீட்டினாள். நியேவெஸ் மாத்திரைக்கென்று நினைத்துக் கைநாட்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் மூட்டையோடு வயலில் விழுந்தாள். வாயில் இளஞ்சிவப்பு நுரை. வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

அடக்கத்தன்று வில்பெர் வந்து சேர்ந்தான்.

"டாக்டர்கிட்ட காட்டலையாம்மா?"

பெற்ற பிள்ளை முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"காட்டினேன்டா. அரெகிப்பா போன்னு கெஞ்சினாங்க. இவதான் மாட்டேன்னு கைநாட்டு வெச்சா. வேணும்னா போய்க் கேட்டுப் பாரு."

போய்க் கேட்டான். டாக்டரம்மா அந்தத் தாளைக் காட்டினாள்.

"என் பிள்ளையைக் கொன்னுட்டாளே பாவி," என்றான் திரும்பி வந்து. நியேவெஸின் சவப்பெட்டிமேல் ஒரு பிடி மண்கூடப் போடவில்லை.