வலது பக்க ஸ்பூல்

என் வீட்டுக்காரருக்கு ஆசையாய்ப் பேசத் தெரியாது. வெளிநாட்டுப் பட்டறை வேலைக்குப் போய் இரண்டு வருடம் முடியப்போகிறது. இன்றைக்கும் போனை எடுத்தால் முதல் கேள்வி, "செயினுக்கு ஆயில் போட்டியா?" என்பதுதான். நான் எப்படி இருக்கிறேன் என்பதெல்லாம் அதற்கப்புறம், அதுவும் ஞாபகம் வந்தால்.

அவர் விட்டுப்போன பைக்கில்தான் தைத்த துணிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அதற்கு நடு ஸ்டாண்ட் கிடையாது. செயினைத் துடைக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கியாக வேண்டும். அதற்கென்றே ஒரு தனி இரும்பு ஸ்டாண்ட் இருந்தது. பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்முக்கு அடியில் அதன் ரப்பர் கட்டைகளைக் கொடுத்து அழுத்தினால் வண்டி எழும்பும். ஆனால் ரப்பர் வழுக்கும். ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் தூக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிடிப்பது நான், தூக்குவது அவர்.

"விட்டுடாத" என்பார்.

"விட்டா உங்க மேலதான் விழும், கவலைப்படாதீங்க" என்பேன்.

குனிந்திருக்கும் அவர் முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருக்கும். சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம், அந்த முதுகுக்குத்தான் இன்னும் ஏங்குகிறேன். அவர் போனபிறகு பக்கத்து வீட்டு அக்கா வந்து பிடிப்பாள், நான் தூக்குவேன். அக்கா நல்லவள்தான். அதனால் அவர் இல்லாத குறை தீர்ந்துவிடுமா?

இந்த மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பொட்டலம் வந்தது. பிரித்தால் இரண்டு ஸ்பூல்கள், தையல் மெஷின் பாபினைக் கொஞ்சம் பெரிதாக்கியது போல. கூடவே இரண்டு கொக்கிகள். போனில் அவர் குரல் பதிந்து வந்திருந்தது.

"ஸ்விங் ஆர்ம்ல ரெண்டு பக்கமும் மரை போட்ட ஓட்டை இருக்கும். அதுல ஸ்பூல மாட்டிடு. ஸ்டாண்டுல ரப்பரக் கழட்டிட்டு கொக்கியப் போடு. இனிமே யாரும் பிடிக்க வேணாம், நீ ஒருத்தியே தூக்கிக்கலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக் கடைசியில் வரப்போகிற மனுஷன் எதற்காக இந்த ஏற்பாடெல்லாம் செய்கிறார்? உடனே கூப்பிட்டேன்.

"இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடணும். நீ என்ன சொல்ற?"

"நான் சொல்ல என்ன இருக்கு? அதான் பாபின் அனுப்பிட்டீங்களே" என்று போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இடது ஸ்பூலைக் கையால் திருகினேன், நேராக ஏறியது. பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். வலது அதைவிடச் சுலபம். சனியன், அந்தப் பக்கமாவது கொஞ்சம் அடம்பிடித்திருக்கக் கூடாதா? ஒரு கையால் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்து வண்டியை நிமிர்த்தி, கொக்கிகளை ஸ்பூல்களுக்கு அடியில் கொடுத்து, ஸ்டாண்டை அழுத்தினேன். வண்டி பேசாமல் எழும்பி நின்றது. கையை எடுத்தேன். அப்படியே நின்றது. பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டேன், தன்பாட்டுக்குச் சுற்றியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து வீடியோவில் கூப்பிட்டார்.

"மாட்டியாச்சா?"

"இடது மாட்டிட்டேன். வலது பக்கம் மரை ஏறல."

"ஏறலயா? கிளம்பறதுக்கு முன்னாடி நானே போல்ட் போட்டுப் பாத்தேனே."

"நீங்க இருந்தப்போ ஏறிச்சு. இப்போ ஏறல. ஒரு பக்கம் மட்டும் போட்டா ஸ்டாண்ட் நிக்குமா? பழையபடி நான் பிடிக்கத் தயார். தூக்கத்தான் ஆள் இல்ல."

என் குரல் உடைந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எதையோ கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஏறல" என்றார். "பலவந்தமா முறுக்காத, மரை போயிடும். மாசக் கடைசில வந்து நானே பாக்கறேன்."

"அப்போ கையெழுத்து?"

"போடல."

மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். பைக் ஸ்டாண்டின் மேல் நிமிர்ந்து நின்றது. தரைக்கு நாலு விரல் உயரத்தில் பின்சக்கரம் அந்தரத்தில் நின்றிருந்தது.