கை இல்லாத மிருகங்கள்

வரலட்சுமிக்குக் கை வரைய வராது.

ஓவியக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்து முடித்த பெண் இதை வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா? முகம் வரைவாள். முதுகு, செதில், வால், கொம்பு எல்லாம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. கை என்று வந்தால் மட்டும் ஐந்து விரலும் ஐந்து வெண்டைக்காயாகப் போய்விடும். அதனால் மறைக்கப் பழகிவிட்டாள். முதல் வருஷப் படங்களில் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். சிற்ப வகுப்பில் அவளுடைய களிமண் உருவங்களின் கைகள் முழங்கை வரைக்கும் பீடத்துக்குள் புதைந்திருந்தன. மாஸ்டர் அதைப் புதுமை என்று நினைத்து மார்க் போட்டார். படிப்பு முடிந்து, ஆவடி மார்க்கெட் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் மவுஸைப் பிடித்துப் படம் போடக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு இன்னும் சௌகரியமாகப் போயிற்று. ஸ்பிரே டூலை எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் எப்பேர்ப்பட்ட கையும் புகைக்குள் போய்விடும்.

அந்தப் படங்களை ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டுதான் அந்தப் புதன்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போனாள். தொண்ணூற்றேழாம் வருஷம் அது. நட்டு போல்ட்டு செய்கிற பட்டறைகளுக்கு நடுவில் ஒரு மாடியில் சினிமாவுக்குக் கிராபிக்ஸ் செய்யும் கம்பெனி ஒன்று புதிதாக வந்திருந்தது. மந்திரப் படம் ஒன்றுக்கு ராட்சச மிருகம் வேண்டுமாம். அதை உருவாக்க ஒரு ஆள் வேண்டுமாம். களிமண்ணும் தெரிய வேண்டும், கம்ப்யூட்டரும் தெரிய வேண்டும்.

முதலாளி மணவாளன் பதினொரு படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"இன்னாமா இது? உன் மிருகம் எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிறாப்ல கையப் பின்னாடி கட்டிக்கினு கீது?"

அச்சு எடுக்கிற வேலை பார்க்கும் ஜேம்ஸ் பக்கத்திலிருந்து சிரித்தான். "சார், பாதிக்குக் கையே இல்ல சார். புகையா கீது."

"இந்த மிருகம் ஹீரோயினத் தூக்கிக்கினு ஓடணும். எதால தூக்கும், வாலாலயா?" என்றார் மணவாளன். "தலை நல்லாத்தான் கீது, இல்லேன்னு சொல்லல. சனிக்கிழமை மூணு மணிக்குக் கையோட ஒண்ணு கொண்டா. நாலு மணிக்கு புரொடியூசர் வர்றாரு. அவருகிட்ட காட்ட ஒண்ணும் இல்லேன்னா, பாம்பேல ஆள் புடிச்சிக்குவாரு."

வரலட்சுமிக்கு அந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. படிப்பு முடிந்ததும், இஷ்டப்பட்ட வேலையைத் தேடிக்கொள்ள ஒரு வருஷம் டைம் கொடுத்திருந்தார் அவள் அப்பா லட்சுமணன். ஃபேக்டரியில் ஃபிட்டர். அளந்து பேசுகிறவர். அந்த வருஷம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை காலை பட்டாபிராமில் ஒரு நர்சரி ஸ்கூலில் டிராயிங் டீச்சராகச் சேர வேண்டும் என்று பேசி முடித்துவிட்டார். ஸ்கூல்காரம்மா பாடத்திட்டத்தையும் காட்டியிருந்தாள். ஜூனில் மாம்பழம், ஜூலையில் வாழைப்பழம், ஆகஸ்டில் தேசியக் கொடி. அடுத்த ஜூனில் மறுபடி மாம்பழம். அதைக் கேட்ட ராத்திரியிலிருந்து வரலட்சுமிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

வியாழனும் வெள்ளியும் களிமண்ணோடு மல்லுக்கட்டினாள். மிருகம் முழுசாக வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை. சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, மிருகம் மொட்டை மணிக்கட்டோடு சமையல்கட்டில் நின்றது. அம்மா காட்டுப்பாக்கத்தில் வளைகாப்புக்குப் போயிருந்தாள். அப்பா ஃபேக்டரியில் இருந்தார். வரலட்சுமி தன் இடது கையைப் பார்த்தாள்.

வரையத்தான் வராது, அச்சு எடுத்துவிடலாமே? ராட்சச மிருகத்துக்குக் கை கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் என்ன?

சுவருக்கு அடிக்கிற டிஸ்டெம்பர் பெயிண்ட்டின் காலி பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் பிளாஸ்டர் ஆஃப் பாரிசைக் கரைத்தாள். சீக்கிரம் இறுகுவதற்குப் பொம்மை செய்கிறவர்கள் ஒரு சிட்டிகை உப்புப் போடுவார்கள். அவளுக்கு நேரம் இல்லை, ஒரு பிடி போட்டாள். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மணிக்கட்டுக்கு மேலே வரை கையை விட்டாள். பிறகு, ஒரு இடுப்பை வளைத்துப் பிடிப்பது போல விரல்களை மடக்கினாள்.

பிளாஸ்டர் முதலில் சில்லென்று இருந்தது; கை தானாக முஷ்டி போலச் சுருண்டது. அப்புறம் வெதுவெதுப்பாக. அப்புறம் சுட்டது. கையை இழுத்தாள். வரவில்லை.

உள்ளே போகும்போது விரல்கள் நீட்டியிருந்தன. இப்போது மடங்கியிருக்கின்றன. மடங்கிய கை போன வழியே திரும்பாது. அதனால்தான் கல்லூரியில் பாதிப் பாதியாக, இரண்டு துண்டாக அச்சு எடுப்பார்கள். ஐந்து வருஷம் படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அவசரத்தில் மறந்துபோயிற்று.

டப்பாவைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். சூடு ஓரளவு அடங்கியது. ஆனால் விரலை ஒரு நூல்கூட அசைக்க முடியவில்லை. சுண்டு விரல் அரித்தது. அந்த அரிப்புக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூச்சு அடைத்தது. கையைத்தான் பூட்டியிருக்கிறது, மூச்சு ஏன் அடைக்க வேண்டும்?

டப்பா தரையில் இடிபடும் சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா வேம்புலியம்மாள் ஓடி வந்தாள்.

"அடிப்பாவி! இன்னாடி இது, கைய டப்பால நட்டு வச்சிக்கினுகீற?"

"மாட்டிக்கிச்சுக்கா. சத்தம் போடாதீங்க."

வேம்புலியம்மாள் டப்பாவைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தாள். தோள்பட்டைதான் கழன்றுவிடும் போல இருந்தது. அம்மிக் குழவியைத் தூக்கி ஒரு போடு போட்டாள். உள்ளே எலும்பு வரைக்கும் மின்னல் ஓடியது. வரலட்சுமி அலறினாள்.

"நான் தாங்க மாட்டேன்மா. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா. அப்பாவுக்கு சொல்லி அனுப்பறேன்."

"அய்யோ, அப்பாவுக்கு வேணாம்க்கா. இதப் பாத்தார்னா அவ்ளோதான். அம்பத்தூர்ல அச்சு எடுக்கறவர் ஒருத்தர் இருக்கார். அங்கயே போறேன்."

"இந்தக் கோலத்துலயா? பஸ்லயா?"

"வேற எதுல போறது?"

வேம்புலியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு டப்பாவின் மேல் ஒரு துண்டைச் சுற்றினாள். களிமண் மிருகத்தை ஈரத்துணியில் பொதிந்து பையில் போட்டு வலது தோளில் மாட்டிவிட்டாள். "ஆரு கேட்டாலும் பாலுன்னு சொல்லு," என்று புத்தியும் சொல்லி அனுப்பினாள்.

பஸ்ஸில் கண்டக்டர் துண்டை எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா அது?"

"பாலு."

"கைய உள்ள வுட்டா பால எடுத்துகினு போவாங்க? லக்கேஜ் போடணும் போலக்கீதே."

பின்சீட்டிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "அண்ணாத்தே, கை தனியா டப்பா தனியான்னு ரெண்டு டிக்கெட்டா கிழிச்சிக் குடு!" பஸ்ஸே சிரித்தது. ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்த விரல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். கட்டை விரல் மற்ற நான்குக்கும் அடியில் சிக்கியிருந்தது. மோதிர விரலின் நகம் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. கண்ணை மூடினாலும் அது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு கையை இவ்வளவு நேரம் கவனித்ததே இல்லை.

மணவாளன் அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "கையோட வான்னா, இப்பிடியா வருவ? புரொடியூசர் வர்ற நேரத்துல ஆபீஸ ஆஸ்பத்திரி ஆக்கிட்டியேம்மா!"

ஜேம்ஸ் மட்டும் பதறவில்லை. டப்பாவைத் தட்டிப் பார்த்தான். "இன்னா தடவுன?"

"தேங்கா எண்ணெய்."

"தலைக்கா தடவுன? வாசலின் தடவ மாட்ட? ஆடாத, ஒக்காரு."

பிளேடால் டப்பாவைக் கிழித்து எடுத்தான். இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடை வைத்துப் பிளாஸ்டரைச் சுற்றிலும் கோடு கோடாக அறுத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைப் பொடி மேசையில் விழுந்தது. மணி மூன்றரை. அப்புறம் உளியைக் கோட்டில் வைத்து லேசாக, மிக லேசாகத் தட்டினான். பத்தாவது தட்டில் பிளாஸ்டர் மூன்றாகப் பிளந்தது.

கை மேசை மேல் கிடந்தது. வெளிறி, சுருங்கி, அங்கங்கே சிவந்து. மயிரெல்லாம் பிளாஸ்டரோடு போயிருந்தது. வரலட்சுமி விரல்களை நீட்டப் பார்த்தாள். நீளவில்லை. வெளியே வந்த பிறகும் கை உள்ளே இருந்த மாதிரியே சுருண்டிருந்தது. புறங்கையில் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்து நின்றன.

"வெந்நி கொண்டாறேன், உட்டு உருவினா சரியாப் பூடும்," என்று ஜேம்ஸ் கையைத் தொடப் போனான்.

"தொடாதீங்கண்ணா! அப்பிடியே இருக்கட்டும். ஒரு பேப்பர் குடுங்க. பென்சிலும்."

இடது கை மேசையில் கிடக்க, வலது கை வரைந்தது. அழிக்கவில்லை, மறைக்கவில்லை. சிக்கிய கட்டை விரல், உள்ளங்கையில் புதைந்த நகம், புடைத்த நரம்பு. பஸ்ஸில் கண்ணை மூடி எண்ணியதெல்லாம் அதது அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நகத்தை மட்டும் நீளமாக்கினாள். தோலின் சுருக்கத்தைச் செதிலாக்கினாள். ஒரு விரல்கூட வெண்டைக்காய் ஆகவில்லை. கீழே கார் ஹாரன் கேட்டபோது, அந்தத் தாளைக் கைமொட்டையான களிமண் மிருகத்தின் பக்கத்தில் வைத்தாள்.

புரொடியூசர் நெடுநேரம் பார்த்தார். "மூஞ்சிய உடு. இந்தக் கை பயமாக்கீதுய்யா. எத்தப் புடிச்சிக்கினு கீதும்மா இது?"

"எதையும் புடிக்கல சார். வெளிய வரப் பாக்குது."

அவர் மணவாளனைத் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் கிளம்பிப் போன பிறகு மணவாளன் சொன்னார். "திங்கக்கெழமை ஒம்பது மணிக்கு வந்துடு. டப்பாவ ஊட்டுலயே வெச்சிட்டு வா."

திங்கட்கிழமை ஒன்பது மணி. பட்டாபிராம் ஸ்கூலிலும் அதே ஒன்பது மணிதான். அப்பா இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பார். வேம்புலியம்மாள் டப்பாவில் கை மாட்டிய கதையைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள். என்ன சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது? பையைத் தொட்டுப் பார்த்தாள். உடைந்த மூன்று துண்டையும் ஜேம்ஸ் பேப்பரில் மடித்துக் கொடுத்திருந்தான். முதலில் அதைத்தான் அப்பா முன்னால் வைக்க வேண்டும்.

திரும்பி வரும்போதும் அதே கண்டக்டர்.

"பாலு வித்துப் போச்சா?"

"வித்துடுச்சு."

கூட்டத்தில் வலது கை கம்பியைப் பிடித்திருந்தது. வேறு வழியில்லாமல் டிக்கெட்டுக்கு இடது கையை நீட்டினாள். விரல்கள் பாதிதான் விரிந்தன. கண்டக்டர் ஒரு நிமிஷம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு டிக்கெட்டை விரிந்த அந்தப் பாதிக்குள் செருகிவிட்டு நகர்ந்தார்.