மிச்சம் பன்னிரண்டு அடி

எனக்குக் கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்பாள் என் மனைவி. முந்தாநாள் கையும் சொதப்பிவிட்டது.

மச்சான், அதாவது அவள் அண்ணன், படகுக்கு மீன் காட்டும் கருவி வாங்கியிருந்தார். மாட்டித் தருவது என் வேலை. அடியில் மாட்டும் சென்சாரிலிருந்து திரைக்கு வர எட்டடி கேபிள் போதும். பெட்டியில் இருபதடி. நறுக்கினால் அளவு தப்பாகக் காட்டும், வெட்டவே கூடாது. மிச்சத்தை எட்டு வடிவமாகச் சுற்றி, இன்ஜின் ஒயருக்குத் தள்ளி, பக்கச் சுவரில் கட்டவேண்டும். இருபது வருஷமாக அப்படித்தான் கட்டுகிறேன்.

அன்று கட்டும் பட்டை தீர்ந்துபோச்சு. மச்சான் வேறு "ஆச்சா மாப்ளே, ஆச்சா மாப்ளே" என்று உயிரை வாங்கினார். எரிச்சலில் சுருளைப் படகின் பின்பக்கத் தரைப்பலகைக்கு அடியில் திணித்து மூடிவிட்டேன்.

இன்று மத்தியானம் வீட்டு வாசலில் வேறொரு படகின் தண்ணீர் இறைக்கும் பம்பைச் சோதித்துக்கொண்டிருந்தேன். படகின் அடியில் தண்ணீர் ஏறினால் அதன் மிதவை தூக்கிக்கொள்ளும், பம்பு தானே ஓடும். விரலால் மிதவையைத் தூக்கினேன். அடப்பாவி! மச்சான் படகில் நான் சுருளைத் திணித்தது இதே மாதிரி மிதவையின் தலைமேல்தானே! அது எழும்பவே வழியில்லை.

அந்தப் படகில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஊறும். மச்சான் விடிகாலையே கடலுக்குக் கிளம்பிவிட்டார்.

உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே! நீ மாட்டின கருவி சூப்பர்டா, மீன் அள்ளுது! பின்பக்கம்தான் என்னமோ கனமா இழுக்குது."

"பின்பலகையைத் தூக்குங்க மச்சான். உடனே!"

பலகை நகரும் சத்தம். அப்புறம் தண்ணீர் சளசளக்கும் சத்தம்.

"மச்சான்?"

"பேட்டரியே முங்கிக் கிடக்குடா. பம்பு ஓடல. இன்ஜினும் நின்னுபோச்சு." குரலில் சிரிப்பே இல்லை. "எவன்டா இந்தக் கேபிளை இங்க அடைச்சது?"

"நான்தான் மச்சான்."

லைன் அறுந்துபோச்சு. திரும்பத் திரும்ப அடித்தேன், போகவில்லை.

மனைவி டீயோடு வந்து நின்றாள். "யாரு, அண்ணனா? ராத்திரி இங்கேயே சாப்பிட வரச் சொல்லுங்க."

கடலோர மீட்புக்காரர்களுக்கு அடிக்கணும். அவள் அங்கேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நம்பரை அமுக்கினேன்.