டவுன் பஸ்ஸுக்கு மூணு மார்க்

மேனேஜர் வின்சென்ட் பத்திரிகையைத் தூக்கி கிரண் மேஜை மேல போட்டாரு. "பத்துக்கு மூணு. உங்க ஊர்க்காரன்தானே? நல்லா வெச்சு செஞ்சிருக்கான்."

தமிழ்ல வர்ற கம்ப்யூட்டர் மாசப் பத்திரிகை அது. 2004 தீபாவளி முடிஞ்ச கையோட வந்த இதழ். அதுல கேமுக்கெல்லாம் விமர்சனம் எழுதி மார்க் போடுறவன் ஹேமநாத். ஆரணியில பட்டுக்கடை வெச்சிருக்கிற சம்பந்தத்தோட ஒரே பையன். ஸ்கூல்ல அவனும் கிரணும் ஒரே பெஞ்சு. கிரணோட நைனா வேலு அந்தக் கடைக்குத்தான் தறி நெய்யறாரு.

கேம் பேரு 'டவுன் பஸ்'. கிரணும் இன்னும் ரெண்டு பசங்களும் சென்னையில அந்தச் சின்ன கம்பெனியில உட்கார்ந்து சோறு தண்ணி பார்க்காம பண்ணது. ஆரணியில பஸ்ஸை எடுத்து போளூர், கலசப்பாக்கம் வழியா திருவண்ணாமலை போய்ச் சேரணும். ஆளை ஏத்தணும், இறக்கணும், பின்னாடி ஹாரன் அடிச்சுக்கினு வர்ற பிரைவேட் பஸ்காரனுக்கு வழி விடாம ஓட்டணும். ஆட்டுக்குட்டியோட ஏறி டிக்கெட் எடுக்க மாட்டேன்னு மல்லுக்கு நிக்கிற பாட்டி கூட உண்டு.

குறையே இல்லாத கேம்னு கிரண் சத்தியம் பண்ண மாட்டான். அந்த ஆட்டுக்குட்டி சில சமயம் போளூர்ல பஸ் கூரை மேல அந்தரத்துல மிதக்கும். சரி பண்ணிடறேன் சார், கொஞ்சம் டைம் குடுங்கன்னு அவன் கெஞ்சத்தான் செஞ்சான். தீபாவளிக்குக் கடைக்கு வந்தே ஆகணும்னு வின்சென்ட் புடுங்கிக்கினு போய் சிடி போட்டுட்டாரு. போட்டுட்டு ஒரு கண்டிஷனும் வெச்சாரு. பத்திரிகையில ஏழு மார்க் வந்தா அடுத்த கேம், மூணு பேருக்கும் வேலை நிரந்தரம். வரலன்னா கேம் வேலையையே மூடிட்டு பில் போடுற சாஃப்ட்வேர் பண்ணப் போயிடுவாரு. அவசரப்பட்டது அவரு, அடி வாங்குறது பசங்க. எந்த ஊரு நியாயமோ!

"அடுத்த இதழ்ல திருத்தம் போடச் சொல்லு. போட்டான்னா பார்க்கலாம். இல்லன்னா மாசக் கடைசியோட கிளம்பிடுங்கப்பா"ன்னாரு வின்சென்ட்.

ஆட்டுக்குட்டிக்காக மார்க்கைக் கொறைச்சிருந்தா கிரண் வாயே தொறந்திருக்க மாட்டான். ஹேமநாத் எழுதினதுல ஆட்டுக்குட்டியே இல்ல. 'கலசப்பாக்கம் தாண்டினால் போதும், கம்ப்யூட்டரே நீலத் திரையாகி நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. இதைக் கடையில் வைத்து விற்க எப்படித்தான் மனசு வந்ததோ'ன்னு எழுதியிருந்தான். கிரண் ஆபீஸ்ல எந்த மெஷின்லயும் அந்த இடத்துல நின்னதே கிடையாது. அதே பக்கத்துல, கலர்ல கட்டம் கட்டி, வெளிநாட்டு சண்டை கேம் ஒண்ணுக்கு ஒம்போது மார்க். 'ஆங்காங்கே சிறு தடங்கல்கள் உண்டு, அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்'னு தட்டிக் குடுத்திருந்தான்.

வெளிநாட்டுக்காரனுக்கு வந்தா தடங்கல், எனக்கு வந்தா கூத்தா? கிரணுக்குக் கோவத்தோட கூடவே, ஹேமநாத் மெஷின்லதான் கோளாறோன்னு ஒரு சந்தேகமும் வந்துது. தன் சொந்த கம்ப்யூட்டர்லேருந்து ரேம்னு சொல்ற மெமரி அட்டையைக் கழட்டி, காகிதத்துல சுத்தி, சட்டைப் பையில வெச்சுக்கினு ஆரணி பஸ் ஏறினான்.

அவன் போன நேரம், வேலு நெய்து முடிச்ச சேலையை எடுத்துக்கினு கடைக்குக் கிளம்பிகினு இருந்தாரு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் சுண்டிப் போச்சு.

"இன்னா பேசினாலும் தணிஞ்சு பேசு கண்ணு. அடுத்த சேலைக்குப் பாவு நூல் அவங்க குடுத்தாதான் நம்ம தறி ஆடும். பழைய மாதிரி வாடா போடான்னுடாத."

"அவன் என்கூடப் படிச்சவன் நைனா."

"படிச்சப்போ படிச்சான். இப்போ முதலாளி."

கடையில வெள்ளைத் துணி விரிச்ச மெத்தை மேல சம்பந்தம் உட்கார்ந்திருந்தாரு. நெசவுக்காரங்க சேலையை அதுல வெக்கணும், அவரு பிரிச்சு ட்யூப் லைட்டுக்கு நேரா புடிச்சுப் பார்ப்பாரு. இழை அறுந்திருந்தா வீட்டுலயே கோத்து சரி பண்ணிக்கினு வரணும். வெச்ச பிறகு, ஐயோ இங்க ஒரு இழை அறுந்திருக்குதுங்க, இதோ கோத்துடறேன்னு கையை நீட்டினா நடக்காது. மெத்தையில வெச்சா வெச்சதுதான். அதுதான் அந்தக் கடைச் சட்டம். வேலு வரிசையில உட்கார்ந்தாரு, கிரண் ஹேமநாத்தைப் பார்க்க மாடி ஏறினான்.

ஹேமநாத் அந்த ஒம்போது மார்க் கேமைத்தான் ஆடிகினு இருந்தான். "வாடா கிரணு! கோவமா வந்துகிறியா? உட்காரு, இந்த ஒரு ரவுண்டு முடிச்சுடறேன்"னான். முடியல. துப்பாக்கியைத் தூக்கின மாத்திரத்துல திரை நீலமாகி நின்னுபோச்சு. ஹேமநாத் சலிச்சுக்காம கம்ப்யூட்டர் பொட்டி மேல பட்டுனு ஒரு தட்டு தட்டினான்.

"பேஜார் புடிச்ச மெஷின்டா. இவ்ளோ பெரிய கேமைத் தாங்க மாட்டேங்குது."

கிரண் திரையைக் காட்டிக் கேட்டான். "இது நின்னா மெஷின் மேல தப்பு. என்னுது நின்னா?"

"உன்னுது நின்னா உன் மேலதான் தப்பு. அந்த வெளிநாட்டுக்காரன்கிட்ட எத்தனை பேரு வேலை செய்றான் தெரியுமா? அவன் அசால்ட்டா விடுவானா? நீங்க மூணு பசங்க, உங்களுக்கு ஒரு மேனேஜர்."

பாருங்க, இவன் ஒருத்தன்தான் இப்படின்னும் சொல்ல முடியாது. அப்போ கம்ப்யூட்டர் வெச்சிருந்த முக்காவாசிப் பேரு இதைத்தான் பண்ணாங்க. வெளிநாட்டு சிடி நின்னா நம்ம மெஷின் மட்டம்னு தலை குனிவான். தெருப் பையன் பண்ணது நின்னா பையனைத் திட்டுவான். ஆனா அவங்க யாரும் பத்திரிகையில மார்க் போடல.

கிரண் மெஷினை அணைச்சான். பொட்டியோட மூடியைக் கழட்டினான், பழைய ரேமைப் புடுங்கினான், தன்னோடதை வெச்சு அமுக்கினான். சண்டை கேம் தடங்கலில்லாம ஓடிச்சு. அப்புறம் டவுன் பஸ் சிடியைப் போட்டான். "இப்போ ஓட்டுங்க"ன்னான். 'ஓட்டுடா'ன்னுதான் வாயில வந்துது, நைனா சொன்னதை நெனைச்சு மாத்திக்கினான்.

போளூர் வந்துது. ஆட்டுக்குட்டி கூரை மேல மிதந்துது. ஹேமநாத் வயித்தைப் புடிச்சுக்கினு சிரிச்சான். கலசப்பாக்கம் வந்துது, தாண்டிச்சு, எதுவும் நிக்கல. பிரைவேட் பஸ்காரன் குறுக்க வந்தப்போ, "டேய் ஒதுங்குடா பன்னாடை!"ன்னு நிஜ டிரைவர் மாதிரி கத்தினான். பக்கத்துல கிரண் நிக்கிறதையே ஹேமநாத் மறந்துட்டான். திருவண்ணாமலையில பஸ்ஸை நிறுத்திட்டு நாற்காலியில சாய்ஞ்சான்.

"பிரமாதம்டா! சும்மா சொல்லக் கூடாது. அந்த ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சாலும் எட்டு போடலாம்."

கிரணுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ரொம்ப சந்தோஷம் ஹேமு. அதையே எழுதுங்க. அடுத்த இதழ்ல ரெண்டு வரி போதும்."

"எதை எழுத?"

"எட்டுன்னு. மெஷின் கோளாறுன்னு."

ஹேமநாத் சிரிப்பை நிறுத்தினான். "என் மெஷின் கெட்டது தெரியாம நான் மார்க் போட்டேன்னு நானே எழுதணுமா? அப்புறம் எவன்டா என்னை நம்பிப் படிப்பான்? இதுக்கு முன்னாடி போட்டதையெல்லாம் கிளற மாட்டான்?"

"என் வேலை போயிடும். என்னோட சேர்த்து மூணு பேருக்கு."

"சென்னையில வேலைக்கா பஞ்சம்? இல்லன்னா இங்க வந்துடு, கடையில பில் போட ஆள் வேணும்னு அப்பா சொல்லிகினு இருக்காரு." கொஞ்சம் கூட உறுத்தாம சொன்னான் பாவி. "நீ நெசவுக்காரர் புள்ளதானே, உனக்குத் தெரியாதா? மெத்தையில வெச்சா வெச்சதுதான்."

"நான் வெச்ச சேலை நல்ல சேலை. உங்க லைட்டுதான் கெட்டுப் போயிருந்துது."

ஹேமநாத் மறுபடியும் ஆட்டத்தை ஆரம்பிக்கப் பார்த்தான். கிரண் குனிஞ்சு பொட்டிக்குள்ள கையை விட்டான்.

"டேய், அதை எங்க கழட்டற? இருக்கட்டும் வுடு. அடுத்த மாசம் பெரிய கேம் ஒண்ணு வருது. நல்ல மெஷின்ல பார்த்தாதானே நியாயமா மார்க் போட முடியும்?" அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி கேட்டான். "உங்க நைனா கீழதானே இருக்காரு? புதுப் பாவு கேட்டுக்கினு இருந்தாரே?"

கிரண் கையை வெளிய எடுத்தான். மூடியைப் போட்டு, ஸ்க்ரூவைத் திருகி, இறுக்கமா இருக்குதான்னு ஒரு தரம் ஆட்டியும் பார்த்தான். கம்பியைப் புடிச்சுக்கினு மாடிப்படி இறங்கினான்.

கீழ வேலுவோட சேலை மெத்தை மேல விரிஞ்சு கெடந்துது. சம்பந்தம் குறை ஒண்ணும் காணாம மடிச்சுகினு இருந்தாரு. வேலு எழுந்து வந்து மகன் முகத்தையே பார்த்தாரு.

"இன்னா கண்ணு, இன்னா சொன்னாரு?"

கடையில இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க.

"எட்டு போடலாம்னாரு நைனா."

"எட்டா!" வேலுவுக்கு வாயெல்லாம் பல்லு. "ஏழுதானே கேட்டாங்க, எட்டு குடுத்துட்டாரா! கேட்டீங்களா முதலாளி, என் புள்ளைக்கு எட்டு!"

"என் புள்ள நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன்யா"ன்னு சம்பந்தம் சேலையை அலமாரியில வெச்சாரு.

வேலு மாடிப்படிகிட்ட ஓடி, மேல பார்த்து ரெண்டு கையையும் கூப்பினாரு. "நல்லா இருக்கணும் தம்பி! எங்க குடும்பத்துக்கே வெளக்கு ஏத்திட்டீங்க!"

மேலேருந்து டவுன் பஸ் ஹாரன் சத்தம்தான் வந்துது. ஹேமநாத் மறுபடியும் ஆரணியிலேருந்து வண்டியை எடுத்துட்டான்.